கரண்டியை ஒளித்து வைத்த கதை

போன வாரம் ஒரு மூன்றரை வயதுப் பெண்ணை நான் பரீட்சைக்குத் தயார் செய்தேன். பாடத்திட்டம் நானே போட்டது. கோச்சிங்கும் நானே. கடைசியில் ஃபெயில் ஆனதும் நானேதான்!

விஷயத்துக்கு வருகிறேன்.

என் தங்கை கவிதா கே.கே. நகரில் இருக்கிறாள். அவள் பெண் இனியா. இவளுக்கு உலகத்தில் ரொம்பப் பிடித்த பொருள் ஒரு சின்ன எவர்சில்வர் கரண்டி. தரையில் தட்டுவாள், கதவில் தட்டுவாள், ஜன்னல் கம்பியில் தட்டிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பாள். தூங்கும்போதுகூட அது கையில் இருந்தாக வேண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது அபூர்வம். பேச்சு வராமல் இல்லை. டி.வி. விளம்பரத்தில் கேட்ட வரி அட்சரம் பிசகாமல் வரும். ஆனால் 'அம்மா, தண்ணி' என்பது மட்டும் வராது. ப்ளே ஸ்கூல் மிஸ் ஒருநாள் கவிதாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு தடவை டாக்டர்கிட்ட காமிச்சிடுங்களேன்" என்றார்.

சொந்தக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? "நம்ம செந்திலே அஞ்சு வயசுலதான் பேசினான்... இதுக்குப் போயி டாக்டரா?" என்றார்கள். செந்தில் என்பது இனியாவின் அப்பா. ஷிஃப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஐந்து வயதில் பேச ஆரம்பித்தவர் இன்னமும் அதிகம் பேசுவதில்லை.

தில்லைநகரில், குழந்தைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. அன்றைக்கே கவிதாவின் போன்.

"அக்கா... பயமா இருக்கு. அங்க போய் இவ எதுவுமே செய்யலைன்னா ஆட்டிசம்னு சொல்லிடுவாங்களாக்கா?"

என்னிடமா கேட்கிறாள்? ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மென்டில் யார் வீட்டில் எல்.கே.ஜி. இன்டர்வியூ என்றாலும் முதலில் அடிப்பது என் வீட்டுக் காலிங் பெல்தான். நான் தயார் செய்த குழந்தை எதுவும் இதுவரை சீட் இல்லாமல் திரும்பியதில்லை. "நீ கவலைப்படாத. நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பாடத்திட்டம் ரெடி!

வாட் இஸ் யுவர் நேம்? ஹவ் ஓல்ட் ஆர் யூ? ஆப்பிள் என்ன கலர்? சரியான பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு உலர் திராட்சை. இனியா கற்பூரம். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். 'டாக்டர் கண்ணைப் பார்த்துப் பேசு' என்பது மட்டும் கடைசி வரை வரவில்லை. சரி, சாய்ஸில் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

க்ளினிக்கிலிருந்து போன் செய்த பெண், "குழந்தை வீட்ல சாதாரணமா எப்படி இருக்கும்னு ரெண்டு மூணு வீடியோ எடுத்துட்டு வாங்க" என்றாள். கவிதாவின் போனில் தேடினேன். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும் வீடியோ... ரிஜெக்ட்! கேக் வெட்டும் பர்த்டே வீடியோ... செலெக்ட்!

கடைசியாகக் கரண்டி. "அதைக் கொண்டு வரக்கூடாது. டாக்டர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றேன். கவிதா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கவிதா, செந்தில், இனியா, நான் என நால்வரும் உள்ளே போனோம். டாக்டரம்மா மேஜைக்குப் பின்னால் உட்காரவில்லை. தரையில் பாயை விரித்து அதில் உட்கார்ந்திருந்தார். "உன் பேரென்னடா தங்கம்?" என்று கேட்டார்.

இனியா சீலிங் ஃபேனைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். "மை நேம் இஸ் இனியா ஐ ஆம் த்ரீ இயர்ஸ் ஓல்ட் ஆப்பிள் ரெட் பனானா எல்லோ தேங்க்யூ." ஒரே மூச்சு! முடித்ததும் கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். திராட்சைக்கு.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "யாரு ட்ரெய்னிங் குடுத்தது?"

"நான்தான் டாக்டர்... பெரியம்மா" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், மறைப்பானேன்?

"சாப்பாடெல்லாம் எப்படி?"

"எல்லாமே நல்லா சாப்பிடுவா டாக்டர்."

"பொய் டாக்டர்" என்றாள் கவிதா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தயிர் சோறும் இட்லியும், விட்டா உலர் திராட்சையும் மட்டும்தான் டாக்டர். வேற எது வெச்சாலும் துப்பிடுவா. மிக்ஸி போட்டா அலறுவா. என்னை அம்மான்னு ஒரு தடவைகூட கூப்பிட்டதில்ல..."

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "நான் மார்க் போட உக்காரலம்மா. இவ எப்படி இருக்காளோ அப்படியே பாத்தாத்தான் என்ன உதவி வேணும்னு எனக்குத் தெரியும். நீங்க இவளை ஒளிச்சு வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

கவிதா ஹேண்ட்பேக்கைத் திறந்தாள். உள்ளே... கரண்டி! என் பேச்சைக் கேட்காமல் எடுத்து வந்திருக்கிறாள். என் தங்கை இதற்குமுன் என் பேச்சைத் தட்டியதில்லை. தட்டினாளே, அதுவரை புண்ணியம்.

இனியா கரண்டியை வாங்கி பிளாஸ்டிக் நாற்காலியில் தட்டினாள். டக், டக். டாக்டரம்மா தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து அதே போலத் தட்டினார். டக், டக். இனியாவின் கை அப்படியே நின்றது. ஸ்பூனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஸ்பூனைப் பிடித்திருந்தவரின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி தட்டிவிட்டு, அவர் தட்டுவதற்காகக் காத்திருந்தாள். அவர் தட்டியதும் சிரித்தாள் பாருங்கள், ஒரு சிரிப்பு!

கண்ணைப் பார் என்று நான் எத்தனை திராட்சை செலவழித்தேன்?

"ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் இருக்கும்மா. முழுசா சொல்ல இன்னொரு தடவை பார்க்கணும். ஆனா அதுவரைக்கும் காத்திருக்க வேணாம். பேச்சுப் பயிற்சியை இப்பவே ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா.

எந்த வார்த்தைக்கு அத்தனை நாள் பயந்தோமோ, அதைச் சொல்லிவிட்டார். கவிதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா டாக்டர்?"

"இல்லம்மா. இது யாராலயும் வந்ததில்ல. நீங்க சீக்கிரமாவே கூட்டிட்டு வந்திருக்கீங்க."

கவிதா அழுதாள். மனசிலிருந்த பாரம் இறங்கிய அழுகை அது. செந்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார். "டாக்டர்... அவ அந்தக் கரண்டிய வெச்சுக்கலாமா?"

"தாராளமா. அதை வெச்சுத்தானே ஆரம்பிக்கப் போறோம்!"

வெளியே வந்ததும் எல்லோருக்கும் அப்படி ஒரு பசி. பல நாள் கழித்து கவிதா இரண்டாவது தோசை சொன்னாள். இனியா ஹோட்டல் டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து டேபிளில் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாகக் கரண்டியைப் பிடுங்கிவிடுவாள் கவிதா. அன்றைக்கு, "அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்ங்க" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் தொடர்ந்தாள்.

நம் குழந்தையை யாராவது ஒரு கேள்வி கேட்டாலே நமக்கு அது இன்டர்வியூதான், இல்லையா? பாஸ் பண்ண வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். உதவி செய்ய உட்கார்ந்திருப்பவரிடம்கூட, உதவியே தேவையில்லை என்று நிரூபித்துவிட்டு வரப் பார்க்கிறோம்... நல்லவேளை, ஒருத்தி என் பேச்சைக் கேட்கவில்லை.

நேற்று கவிதா போன் செய்தாள். "அக்கா, அடுத்த வாரம் திரும்பப் போகணும். என்ன தயார் பண்றது?"

"கரண்டியத் தேய்ச்சு வை" என்றேன்.