மூன்றாம் வரிசை, ஏழாம் நாற்காலி

சிரிப்பக்காவின் சிரிப்பை நான் முதலில் கேட்டது ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். வார்டில் ஒரு நோயாளியின் பல்செட் காணாமல் போயிருந்தது. அழுக்கு விரிப்புகளோடு சேர்ந்து கீழே போயிருக்கும் என்று தேடிப் போனேன். விஷயத்தைச் சொன்னதும், துணி மடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, "பல்லைத் துவைச்சாப் போதுமா, இஸ்திரியும் போடணுமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். ஆறு இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே அந்தச் சிரிப்பு கேட்டது. பல்செட் ஒரு தலையணை உறைக்குள் கிடைத்தது.

அவளுக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். கணவர் தெருவிளக்குப் பிரிவில் வேலை பார்த்தார். எந்தக் கம்பத்தில் எந்த விளக்கு எப்போது கண் சிமிட்டும் என்பது அவருக்கு அத்துப்படி. நகைச்சுவைதான் புரியாது. ஒருவர் ஒன்றைச் சொல்லி எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, "என்ன சொன்னான்?" என்று கேட்பார். குழந்தைகள் இல்லை. இரண்டு பேரும் நாடகம் பார்க்கப் போவார்கள். சரியாகச் சொன்னால், அவள் நாடகம் பார்க்கப் போவாள், அவர் அவளோடு போவார்.

எங்கள் பேட்டையின் நாடக மன்றம் ஒரு பழைய அச்சகக் கட்டடத்தில் நடக்கிறது. நூற்று முப்பது நாற்காலிகள், மூன்று நிறத்தில். நடிப்பவர்கள் எல்லோருக்கும் பகலில் வேறு பிழைப்பு. மருந்துக்கடைக்காரர், கணக்கு டீச்சர், பஸ் கண்டக்டர் என்று இருப்பார்கள். நாடகம் எழுதி நடத்துபவர் பல் டாக்டர். "இங்கயும் அங்கயும் நான் சொல்றது ஒண்ணுதான், வாயை நல்லாத் திறங்க" என்பார்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு குணம் உண்டு. முதலில் சிரிக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல நகைச்சுவை வசனமெல்லாம் அனாதையாகச் செத்துப்போகும். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது மாறியது. சலவைக்கூடத்துத் தொண்டையல்லவா? அவள் ஆரம்பித்தால் கூடம் முழுக்கத் தொற்றிக்கொள்ளும். பல் டாக்டர் இதைக் கவனித்து, மூன்றாம் வரிசையில் நடைபாதையை ஒட்டிய ஏழாம் எட்டாம் நாற்காலிகளை அவர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டார். நடிகர்களின் வசன நோட்டுகளில் சிரிப்பு வர வேண்டிய இடங்களில் பென்சிலால் 'அக்கா' என்று எழுதியிருக்கும். அக்கா சிரித்து ஓயும்வரை அடுத்த வசனத்தைச் சொல்லக் கூடாது என்று அர்த்தம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லித்தருவார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் நடந்தது.

போன வருஷம் அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் நர்ஸ் இல்லை, பராமரிப்புப் பயிற்சி பெற்றவள். அந்த வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை, எல்லோருக்கும் நான் நர்ஸம்மாதான். வாரம் நான்கு காலைகள் போய் உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வருவேன்.

தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் ஒன்று வேண்டுமென்று சொன்னேன். அவர்கள் வீடு முதல் மாடியில். வந்த கட்டில் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அதற்கும் மேல் மாடியில் குடியிருந்த பல் டாக்டரால் ஒரு மணி நேரம் கீழே இறங்க முடியவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கி வந்த இரண்டு பேரும் அதைக் கேட்டுக் கேட்டு இன்னும் இறுக்கமாகச் செருகினார்கள். வாசலருகே நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளி திறந்த கதவு வழியே எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு மூச்சை இழுத்து விட்டு, குழறிய வாயால், "முதல்ல... கட்டிலுக்கு வைத்தியம் பாருங்க" என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுவே கடைசி.

பதினோரு மாதம் கழித்து, குளிர் தொடங்கும் முன்பு அவர் போய்விட்டார். அவள் அழவில்லை. அழாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் பதற ஒன்றுமில்லை. சமைத்தாள், சாப்பிட்டாள், விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். என் வேலை முடிந்துவிட்டாலும் வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஒருநாள் அவள் மணிக்கட்டில் நீளமாக ஒரு கொப்புளம் இருந்தது.

"இது எப்ப?"

"முந்தாநாள். இஸ்திரிப் பெட்டி."

"சுட்டது தெரியலயா?"

"தெரிஞ்சுது. வேற யாரையோ சுட்ட மாதிரி இருந்துச்சு."

மருந்து தடவிக் கட்டுப் போட்டேன். உணர்ச்சி இருக்கிறதா என்று விரல்களைக் கிள்ளிப் பார்த்தேன். நரம்பில் கோளாறு இல்லை.

அன்றைக்குத்தான் பல் டாக்டர் வந்தார். கணவரின் தங்கையும் வந்திருந்தாள். அண்ணியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்வதாக மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். டாக்டர் உட்காராமலேயே பேசினார்.

"அக்கா, குளிர்கால விழாவுக்கு ரெண்டு நாள் நம்ம நாடகம். ஏழும் எட்டும் எடுத்து வெச்சிருக்கேன்."

நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கண்ணன் போயி இன்னும் மூணு மாசம் ஆகல. இவங்க அங்க போயி கெக்கேபிக்கேன்னு சிரிச்சா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நாலு பேரும் அங்கதாம்மா உட்கார்ந்திருப்பாங்க. அவங்களும் சிரிப்பாங்க" என்றார் டாக்டர். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே, "இன்னொண்ணு சொல்லணும்க்கா. கதை... படிக்கட்டுல மாட்டின கட்டில். அண்ணன் இருக்கும்போதே எழுத ஆரம்பிச்சேன். வேண்டாம்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

"நல்ல கதைதானே. போடுங்க" என்றாள் அக்கா. பால் விலை கேட்பதைப் போல இருந்தது அந்தக் குரல். "ஆனா அந்த ரெண்டு நாற்காலியையும் வேற யாருக்காவது குடுத்துடுங்க, டாக்டர். எனக்குச் சிரிப்பு வரல."

"அதெல்லாம் அங்க வந்தா தானா வரும்."

"வராது. பார்த்துட்டேன். நேத்து அடுப்படியில நின்னு சிரிச்சுப் பார்த்தேன். தண்ணி இல்லாத குழாயைத் திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு." அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். "சிரிக்கிறதுக்குத்தான நாற்காலி குடுத்தீங்க. சிரிக்காம உட்கார எனக்குப் பிடிக்கல."

"சொன்னேனே? என்கூட வந்துடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார் உடனே.

டாக்டர் போன பிறகு அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். "நான் நாடகத்துக்கா சிரிச்சேன்? இவரு ஒவ்வொரு தடவையும் காதுக்கிட்ட வந்து 'என்ன சொன்னான்'னு கேப்பாரு. பாதிச் சிரிப்பு அதுக்குத்தான்."

அந்த வீட்டை விட்டால் அவள் போகும் ஒரே இடம் அந்த நாற்காலி. அதையும் விட்டுவிட்டால் அடுத்த வாரமே மூட்டை கட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டின் பின்னறைக்குப் போய்விடுவாள். அங்கே அவளுக்கு ஒரு குறையும் இருக்காது, ஒரு வேலையும் இருக்காது. இப்படிப் பின்னறைக்குப் போனவர்களுக்கு என்ன ஆகிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே, "எனக்கு நாடகம் பார்க்கணும். துணைக்கு யாருமில்ல. நீ வா" என்றேன். எனக்கு நாடகம் பிடிக்காது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் துணை வேண்டும் என்று யாராவது கேட்டால் மறுக்கத் தெரியாதவள்.

விழாவுக்கு வழக்கம்போல் தெருவை மறித்து இரண்டு பக்கமும் கடைகள் போட்டிருந்தார்கள். பழைய கம்பளி உடுப்புகள், சூடான சூப், வளையம் எறிந்து பரிசு வாங்கும் விளையாட்டு. பேண்டு வாத்தியக் குழுவினர் கையுறையோடு வாசித்ததில் பாதி சுருதி வேறு தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பேசுகிறவர்களின் வாயிலிருந்து ஆவி வந்தது. விளக்குச் சரங்களை இந்த வருஷம் வேறொருவர் கட்டியிருந்தார். அக்கா ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "நடுவுல தொய்யுது" என்றாள். நிற்காமல் நடந்தாள்.

மன்றத்தில் ஏழில் அவள் உட்கார்ந்தாள். எட்டில் நான். திரை விலகியது.

மருந்துக்கடைக்காரருக்கு வீட்டுச் சொந்தக்காரர் வேஷம். கட்டில் மாட்டிக்கொண்டதும் அவர் ஓடி வந்து, "இது கட்டிலா, இல்ல எனக்குத் தெரியாம கட்டின இன்னொரு மாடியா?" என்றார். சொல்லிவிட்டு நின்றார். அவர் நோட்டில் அந்த இடத்தில் 'அக்கா' என்றிருக்கிறது. டாக்டர் இருந்த கவலையில் பென்சில் எழுத்தை அழிக்க மறந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். கட்டிலைத் தூக்கியிருந்த கண்டக்டரும் இன்னொருவரும் பார்த்தார்கள். கட்டில் கனமானது, அவர்கள் கை நடுங்கியது. கூடத்தில் நூற்றிருபது பேரும் அவள் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.

கடைசியில் மருந்துக்கடைக்காரர் இருமிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார். அதற்கடுத்த இடத்திலும் நின்றார்கள். அதற்கடுத்த இடத்திலும். ஒவ்வொரு முறையும் இடைவெளி நீண்டது. யாரோ ஒருவர் கனைத்தார். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் டாக்டரின் வழுக்கை மட்டும் தெரிந்தது. அதை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது முறை கண்டக்டரின் கை வழுக்கி, கட்டில் அவர் கால்மேல் இறங்கியது. அப்போதும் அவர் வசனத்தைச் சொல்லாமல், கண்ணில் நீர் முட்ட, இவளையே பார்த்தார்.

"என்னய என்னப்பா பாக்கறீங்க?" என்றாள் அக்கா, சலவைக்கூடத்துக் குரலில். "காலை எடுத்துட்டு அடுத்ததச் சொல்லுங்க."

கூடம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். அவள் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பவளைப் போல ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு ஜனங்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

இரண்டாம் பாதியில் நோயாளியாக நடித்த இளைஞன் நாற்காலியில் சாய்ந்தபடி படபடவென்று, "முதல்ல கட்டிலுக்கு வைத்தியம் பாருங்க!" என்றான். சிரித்தார்கள். அக்கா என் பக்கம் சாய்ந்தாள்.

"என்ன சொன்னான்?"

அவள் காதில் கோளாறு இல்லை. இருந்தாலும் திரும்பச் சொன்னேன்.

"அவசரப்படறான்" என்றாள்.

நாடகம் முடிந்ததும் டாக்டர் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்பதற்காக முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்தவரை அவள் பேச விடவில்லை. "அந்தப் பையனக் கூப்பிடுங்க."

அவன் பாதி மேக்கப்போடு வந்து நின்றான்.

"நீ சொன்ன வசனம் எங்க வீட்டுக்காரரு சொன்னது. தெரியுமா?"

"தெரியும்க்கா. டாக்டர் சொன்னாரு."

"அவரு இப்படி ஓடல. முதல்ல ஒரு மூச்சு இழுத்து விட்டாரு. அப்புறம் 'முதல்ல'ன்னு சொல்லிட்டு நின்னாரு. வாய் கோணிப்போனவங்களுக்கு ஒரு வார்த்தை வெளிய வரவே நேரமாகும். மீதி அப்புறம்தான். எங்க, சொல்லு."

அவன் சொன்னான். "இன்னும் நிறுத்து" என்றாள். நான்கு முறை சொல்லவைத்தாள். அவளைப் பார்த்தால், விரிப்பின் மூலைகள் சேரவில்லை என்று மறுபடி மடிக்கச் சொல்கிறவளைப் போல இருந்தது. ஐந்தாம் முறை சரியாக வந்தது. எனக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. டாக்டர் மூக்கைச் சிந்தினார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நாளைக்கு வந்து பாப்பேன். ஏழும் எட்டும் இருக்குல்ல?"

"இருக்குக்கா. சிரிக்கலேன்னாலும் இருக்கு."

"சிரிப்ப விடுங்க. பையன் சரியாச் சொல்றானான்னு பாக்கணும்."

மறுநாள் எனக்கு வேறொரு வீட்டில் வேலை இருந்தது. முடித்துவிட்டுப் போனபோது நாடகம் பாதியில் இருந்தது. பின்னால் நின்றேன். எட்டாம் நாற்காலியில் நாத்தனார் இறுக்கமாக உட்கார்ந்திருந்தாள். அண்ணியை நேரில் பேசி அழைத்துப் போக வந்தவளை, "முதல்ல இதப் பாத்துட்டுப் பேசுவோம்" என்று இழுத்து வந்திருந்தாள் அக்கா.

இளைஞன் மூச்சை இழுத்து விட்டான். "முதல்ல..." என்றான். நின்றான். "கட்டிலுக்கு வைத்தியம் பாருங்க."

முதல் சிரிப்பு மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. நாத்தனாருடையது. அண்ணனின் குரலே அப்படி வந்து விழும் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். சிரித்த மறுகணமே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். தோள்கள் அப்போதும் குலுங்கின. அது சிரிப்பாகவே தொடர்ந்ததா என்று பின்னாலிருந்து என்னால் சொல்ல முடியவில்லை.

அக்கா மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் கைக்குட்டையை அவளிடம் நீட்டினாள்.

இப்போது ஒவ்வொரு செவ்வாயும் அவள் ஒத்திகைக்குப் போகிறாள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறாள். பின்னறையைப் பற்றி நாத்தனார் பேசுவதில்லை. மாதம் ஒருமுறை நாடகத்துக்கு வந்து எட்டில் உட்கார்கிறாள். அக்கா இன்னும் சிரிக்கவில்லை. வசன நோட்டுகளில் பென்சில் எழுத்தை யாரும் அழிக்கவும் இல்லை.