மேயர் அருகே போட்ட நாற்காலி

போன சனிக்கிழமை, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஊரின் மேயரை மண்டபத்துக்கு அழைத்திருந்தோம்.

வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று டிவி சொல்லிப் பத்து நாள். உள்ளே இருந்தவர்களிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. யார் முகாமில், யார்... அடுத்த சொல்லை ஒருவரும் சொல்வதில்லை.

ஆளாளுக்குத் தேடிக் களைத்து, கடைசியில் எல்லோருடைய பெயர்களையும் ஒரு பட்டியலாக்கினோம். ரண்டர்ஸ், ஓகூஸ் நகரங்களிலிருந்தும்கூடப் பெயர்கள் வந்தன. என் தங்கச்சியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மேயர் முன்பு பாராளுமன்றத்தில் இருந்தவர். தலைநகரில் ஆட்களைத் தெரியும். அவர் கையில் கொடுத்தால் போகவேண்டிய இடத்துக்குப் போகும் என்று நம்பினோம்.

நாங்கள் ஒருவரை அழைத்தால் சோடியாகத்தானே அழைப்போம்? கடிதத்தில் 'மேயரும் பாரியாரும்'. முன்வரிசையில் இரண்டு நாற்காலி. அந்த அம்மாவுக்கு ஒரு பூச்செண்டு.

அப்படி ஓர் அம்மா இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நகரசபையில் தரை துடைப்பவன் நான். மேயரின் மேசையிலிருக்கும் படத்தையும் துடைக்கிறேன். அதில் இரண்டு ஆண்கள். ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. முதல் தேர்தலிலேயே, 'நான் ஓர் ஆணோடு வாழ்கிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்லவேண்டாம்' என்று சொல்லிவிட்டுத்தான் வாக்குக் கேட்டாராம். வென்றார். மறுபடியும் வென்றார். பிறகு மேயரானார். டெனிஷ்காரருக்கு அது பழங்கதை. எங்கள் தேவாலயச் சபை மூப்பர் செல்வராசா அண்ணைக்கு?

சொன்னால் அழைப்பையே நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால் மேயர் அவமானப்பட்டுத் திரும்பிவிடலாம். எப்படியும் வீணாய்ப் போவது பட்டியலிலுள்ள தங்கச்சியின் பெயர்தான். லொறிக்குள் மூச்சடக்கிக் கிடந்து மூன்று எல்லை கடந்தவன் நான். அழைப்புக் கடிதம் போனபின் வந்த அந்த ஒரு வாரம் அதைவிட நீளம்.

கார் வந்தது. மேயர் இறங்கினார். மற்றப் பக்கக் கதவால் நரைத்த தாடியோடு இன்னொருவர். "இவர் என் துணைவர்" என்றார் மேயர்.

பூச்செண்டோடு நின்ற ராணியக்கா தன் கணவர் செல்வராசா அண்ணையைப் பார்த்தார். அண்ணை என்னைப் பார்த்தார்.

"உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

"ஏனடா சொல்லேல்லை?"

"சொன்னா கூப்பிட்டிருப்பியளோ?"

அண்ணை பட்டியலைப் பார்த்தார். அவருடைய தம்பியும் அதில்தான். ராணியக்காதான் பொறுமை இழந்தார். "வந்தவருக்குக் குடுக்கிறதோ, நான் வீட்டை கொண்டுபோறதோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்க் கொடுத்தார்.

தாடிக்காரர் பாரியாரின் நாற்காலியில் உட்கார்ந்தார். மேயர் சுருக்கமாகப் பேசினார். பட்டியலை வாங்கினார். ஆனால் அது அவரிடம் நிற்கவில்லை — பக்கத்து நாற்காலிக்குப் போனது. காணாமல் போனவர்களைத் தேடும் ஓர் அமைப்பில் தாடிக்காரர் பல வருடம் வேலை செய்தவராம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார். வயது என்ன? கடைசியாக எங்கிருந்து பேசினார்? உடம்பில் தழும்பு ஏதும்?

நாங்கள் வெறும் பெயர்களை மட்டும் எழுதியிருந்தோம்.

தங்கச்சியின் முறை வந்தபோது அவளுடைய வயது எனக்குச் சட்டென்று வரவில்லை. அவர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். செல்வராசா அண்ணையோ நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்கால் முட்ட உட்கார்ந்து தம்பியைப் பற்றிச் சொன்னார்.

இன்னும் சேதி இல்லை. போன் அடித்தால் எடுக்கவும் பயம், எடுக்காமல் விடவும் பயம். இன்று காலை அடித்தது அண்ணை.

"தம்பி, வேலைக்குப் போறாய்தானே? மேயரை விடு... மற்றவர் ஏதும் சொன்னவரோ எண்டு கேட்டுக்கொண்டு வா."

அந்தப் படத்தை இன்று இரண்டு தரம் துடைத்தேன்.