அப்பா பேருல வந்த பேப்பர்

எங்க அப்பா பேரை வெளிநாட்டுல எத்தனையோ பேரு எழுதியிருக்காங்க. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. விருத்தாசலத்துல ஒரு பீங்கான் கம்பெனியில ஃபியூஸ் கட்டைய ஒண்ணொண்ணா விரலால தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்கிப் போடற வேலை அவருக்கு. மூளை ஆராய்ச்சி பண்றது நான். பேரு வந்தது அவருக்கு.

காரணம் ரொம்ப சாதாரணம். நம்மகிட்ட குடும்பப் பேருன்னு ஒண்ணு இல்ல. அப்பா பேருல முதல் எழுத்து, அப்புறம் நம்ம பேரு, முடிஞ்சுது கதை. என் முதல் ஆராய்ச்சிப் பேப்பரை அனுப்பும்போது பத்திரிகைக்காரங்க படிவத்துல குடும்பப் பேரு கட்டாயம்னு இருந்தது. அப்பா பேரை முழுசா போட்டுத் தொலைச்சேன். அதுலேருந்து அந்தப் பேப்பரை எவன் மேற்கோள் காட்டினாலும் அப்பா பேரை எழுதி, பக்கத்துல ‘மற்றும் பலர்’னு போடுவான்.

அப்பாவுக்குத் தலைகால் புரியல. “ஏம் பாப்பா, நான் பத்தாவது பெயிலு. என் பேரைப் போயி ஜெர்மனிக்காரன் எழுதறானா? அந்தப் பலரு யாரு, உங்க அம்மாவா?”ன்னு கேட்டாரு. முதல் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். கம்பெனி வாசல் டீக்கடையில அதைப் பார்க்காத ஆளு கிடையாது.

அந்தப் பேப்பர் பக்கவாதம் வந்து பேச்சு போனவங்களைப் பத்தினது. சில பேருக்கு எல்லாம் போயி, ஒண்ணு ரெண்டு வார்த்தை மட்டும் நிக்கும். பசிச்சாலும் அதுதான், வலிச்சாலும் அதுதான். அதுக்கு அர்த்தம் தேட வேணாம், அது நாக்கோட பழக்கம், யாரையும் பார்த்துச் சொல்றது இல்லன்னு அடிச்சு எழுதியிருந்தேன். என் மத்த பேப்பரெல்லாம் ஈ ஓட்டிக்கிட்டு இருக்க, இதை மட்டும், அதுலயும் அந்த ஒரு வரியை மட்டும், எல்லாரும் எடுத்து எடுத்துப் போட்டாங்க. எனக்கு அப்ப ஒரே பெருமை.

கல்யாணம் ஆனதும் அப்பாதான் ஒத்தக்கால்ல நின்னாரு. “இனிமே மாப்ள பேருதான் வரணும். அதான் முறை.” வேணாம்னு சண்டை போட்டேன். கேக்கலியே மனுஷன். நாயா அலைஞ்சு கெஜட்ல மாத்திக் கொண்டாந்து குடுத்தாரு. அப்புறம் வந்த பேப்பரெல்லாம் வூட்டுக்காரர் பேருல வந்துது. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், நான் ரெண்டு ஆளாயிட்டேன்.

போன வருஷம் அப்பாவுக்கே பக்கவாதம் வந்து வலது பக்கம் வுழுந்துபோச்சு. பேச்சும் போச்சு. மிஞ்சினது “போவுது வுடு” ஒண்ணுதான். காபி குடுத்தாலும் போவுது வுடு, கால் மரத்தாலும் போவுது வுடு. ஒவ்வொரு தடவையும் அம்மா, “என்னங்க, என்ன வேணும்?”னு பதறும். “அதுக்கு அர்த்தம் இல்லம்மா, சும்மா வருது”ன்னு நான்தான் அதட்டுவேன். படிச்சவ இல்லியா.

இந்த வருஷம் பதவி உயர்வுக்குக் கேட்டேன். குழுவுல ஒருத்தர் என் பேப்பர் பட்டியலைப் பார்த்துட்டு, “அதிகமா மேற்கோள் ஆனது உங்க பேருல இல்லியே மேடம், வேற யாரோ போலிருக்கே”ன்னாரு. எனக்கு வந்துதே கோவம்! எல்லாத்தையும் ஒண்ணாக்கணும்னா ஒரு பேருதான் வச்சுக்கணும்னாங்க. ஆபீஸ்ல இருக்கிறது கெஜட் பேரு. அதையே எழுதிக் குடுத்தேன், பத்திரிகைக்கும் எழுதி அந்தப் பழைய பேப்பர்லயும் மாத்தினேன். பதவி உயர்வு வந்துடுச்சு.

அந்த வாரமே ஸ்வீட் வாங்கிக்கிட்டு, ஜங்ஷன்ல எறங்கி ஆட்டோ புடிச்சு வூட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு போன்ல பட்டியலைக் காட்டினேன். அவரு எடது கையால சைகை காட்ட, ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் கவர்லேருந்து அந்தப் பழைய தாளை அம்மா எடுத்துக் குடுத்துது. மடிப்புல நைஞ்சு போயிருந்தது. படிப்பெல்லாம் மறந்தும் தன் பேரு மட்டும் அவருக்கு அடையாளம் தெரிஞ்சுது. தாள்ல அதும்மேல விரலை வச்சாரு. அப்புறம் அதே பேரை போன்ல தேடினாரு. மேலயும் கீழயும் தள்ளித் தள்ளித் தேடினாரு. ஃபியூஸ் கட்டைய தட்டற மாதிரி போன் கண்ணாடிய ரெண்டு தட்டு தட்டினாரு.

“எங்க, இவரு பேரைக் காணோம்?”னு அம்மா கேட்டுது.

“எடுத்தாச்சும்மா. எடுத்தாதான் வேலை உசரும்னு சொன்னாங்க.”

அப்பா என்னையே பார்த்தாரு. எனக்கு அவமானம் தாங்கல. “நீங்கதானேப்பா மாத்தச் சொன்னீங்க”ன்னு சண்டைக்குப் போற மாதிரி ஆரம்பிச்சு, அழுதுட்டேன். அவரு அந்தத் தாளை ஒத்தக் கையால மடிச்சு என் மடியில வச்சாரு. என் தலையில கைய வச்சு, “போவுது வுடு”ன்னாரு.

அதுக்கு அர்த்தம் இல்ல, யாரையும் பார்த்துச் சொல்றது இல்லன்னு எழுதினவ நான். இந்த வாரம்கூட எவனோ ஒருத்தன் அந்த வரியை எடுத்துப் போட்டிருக்கான். இப்ப அதுல அப்பா பேரு இல்ல, என் கெஜட் பேருதான் இருக்குது.