நடுவருக்கு ரெண்டு ஸ்பூன்

டி.வி. சமையல் போட்டியில் சமைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. சமைக்க வந்தவர்களைக் கட்டி மேய்ப்பதுதான் பெரிய காரியம், அந்த வேலைதான் என்னுடையது. கார்டில் 'போட்டியாளர் ஒருங்கிணைப்பாளர்' என்று கம்பீரமாகப் போட்டிருக்கும். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் அனுப்புகிற பொறுப்பை யாராவது உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்களா? மாப்பிள்ளை வீட்டுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் ஜாதி. பக்கத்தில் வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சித்திரபுரம். தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும் என்பதால், பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்திலும் இடுக்கியிலும் உள்ள தமிழ் வீட்டுச் சமையலுக்கென்று ஒரு போட்டி ஆரம்பித்தபோது என்னைப் பிடித்துப் போட்டார்கள். ஓட்டலில் சமைத்தவர்களுக்கு இடமில்லை, வீட்டில் சமைப்பவர்கள் மட்டும்தான் என்று விதி. அந்த விதியை எழுதிய புண்ணியவான் வீட்டில் சமைப்பவர்கள் யாரையும் கிட்டத்தில் பார்த்ததில்லை என்று எனக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று.

போசியோடு வந்த அக்கா

ஆடிஷன் கொல்லங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வீட்டில் சமைத்து ஒரு அயிட்டம் கொண்டுவர வேண்டும், நடுவர்கள் ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் ருசி பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதை எல்லாருக்கும் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். முதலமடையிலிருந்து மரகதம் அக்கா வந்தார், மாந்தோப்புக் குடும்பம். ஒரு பெரிய போசிப் பாத்திரம் நிறைய அரிசிம்பருப்புச் சாதம், தனியாக நெய், மாங்காய் ஊறுகாய், அப்பளம், தயிர், போதாததற்கு ஒரு கட்டு வாழையிலை. அத்தனையையும் ஸ்கூட்டரில் எப்படிக் கட்டிக்கொண்டு வந்தாரோ, அவருக்கே வெளிச்சம். நடுவர்கள் முன்னால் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, சாதத்தைக் குவித்து, நடுவில் குழி பண்ணி நெய்யை ஊற்றினார். நடுவர்களும் மனுஷர்கள்தானே, ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார்கள். அக்கா தேறிவிட்டார்.

வெளியே வந்ததும்தான் விஷயத்தைச் சொன்னார். தோப்புக்கு முன்னால் ரோட்டோரத்தில் அவர்களுக்கு மாங்காய் அடுக்கி வைக்கிற செட்டு, அதாவது கொட்டகை, ஒன்று இருக்கிறது. சீசனில் அங்கே லாரிகள் வரிசையாக நிற்குமாம், டிரைவர்களுக்குப் பக்கத்தில் நல்ல சோறு கிடைக்காதாம். அந்தச் செட்டில் ஒரு சாப்பாட்டுக்கடை போட வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. வீட்டுக்காரர் பழனிசாமி அண்ணனோ, உன் சமையலை நாங்கள் சாப்பிடுவோம், வெளியாள் எவன் சாப்பிடுவான் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் நச்சரிப்புத் தாங்காமல், டி.வி.யில் ஃபைனலுக்குப் போய்க் காட்டு, செட்டைக் காலி பண்ணித் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டார். அப்படியானால் விதிப்படி நடந்துகொள்ளுங்கள் அக்கா, ரெண்டு ஸ்பூன் என்றால் ரெண்டு ஸ்பூன்தான் என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, சாப்பிட வந்தவீங்களுக்கு ரெண்டு ஸ்பூன் வெச்சா, அது சோறுங்களா, மருந்துங்களா?"

ரசாக் பாயின் உப்பு

எங்கள் டைரக்டர் மலையாளி. நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒரு தடவையோடு விடமாட்டார். கடுகு தாளித்தால், "ஒண்ணுகூடி" என்பார், இன்னொரு தடவை என்று அர்த்தம். கறிவேப்பிலை கிள்ளினால் அதற்கும் "ஒண்ணுகூடி". ஒரே காட்சியை வேறு வேறு கோணத்தில் எடுக்க வேண்டுமாம். அது நமக்குப் புரியும். பாலக்காடு டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ரசாக் பாய்க்கு எப்படிப் புரியும்? வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் அவர்தான் பிரியாணி போடுவார் என்று குடும்பமே பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தது. அவர் தண்ணீரில் உப்புப் போடுகிற காட்சியை டைரக்டர் மறுபடி மறுபடி எடுத்தார். பாயும் ஒவ்வொரு தடவையும் சிரத்தையாக, சிரித்த முகத்தோடு, நிஜமாகவே கைநிறைய உப்பை அள்ளிப் போட்டார். வெறும் கையை ஆட்டினால் போதும் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பிரியாணியை வாயில் வைத்த நடுவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். தப்பு எங்கள் யூனிட்டுடையது என்பதால், பாய்க்கு மறுபடி சமைக்க டைரக்டர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பாய் கோபப்படவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு நியாயமாக ஒரு கேள்வி கேட்டார்.

"உப்ப மூணு தடவ போடச் சொன்னீங்களே சார், அரிசியையும் மூணு தடவ போடச் சொல்லியிருந்தா சரியா இருந்திருக்கும்ல?"

பரவால்லீங்க

குடும்பத்தாரைக் கேமரா முன்னால் நிறுத்தி நாலு நல்ல வார்த்தை பேச வைப்பது ஒரு சம்பிரதாயம். மற்ற வீட்டார் எல்லாம் கண்ணீர் விட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள். பழனிசாமி அண்ணன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து விறைப்பாக நின்றார். உங்க மனைவி சமையல் எப்படி என்று கேட்டால், "பரவால்லீங்க" என்றார். டைரக்டர் "ஒண்ணுகூடி" என்றார். அண்ணன் இன்னொரு தடவை, "பரவால்லீங்க" என்றார்.

பிரமாதம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அண்ணா, எல்லாரும் சாப்பிடப் போகலாம் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். மரகதம் அக்கா அடுப்பைத் துடைக்கிற சாக்கில் இங்கேயே காதை வைத்திருந்தார். அண்ணன் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி நிலைமையை விளக்கினார்.

"பிரமாதம்னு ஒருக்கா சொல்லிப்போட்டா அப்பறம் செட்டு சாவி என்ற கைல நிக்குமுங்களா அம்மிணி?"

மஞ்சு இறங்கிய மத்தியானம்

அரையிறுதியை எங்கள் சித்திரபுரத்திலேயே, மைதானத்தில், தேயிலைச் சரிவு பின்னால் தெரிகிற மாதிரி வைத்தார்கள். இதில் தேறினால் ஃபைனல். அக்காவுக்குச் செட்டு. கூட வந்த பழனிசாமி அண்ணன் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் சமைத்து முடித்த நேரம் பார்த்து மஞ்சு இறங்கியது. இந்தப் பக்கம் பனிமூட்டத்துக்கு அதுதான் பேர். கேமராவுக்கு ஆள் முகமே தெரியவில்லை. அது விலகினால்தான் நடுவர்கள் ருசி பார்க்கிற காட்சி எடுக்க முடியும். யூனிட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் வண்டியோ அடிமாலிப் பக்கம் எங்கேயோ நின்றுவிட்டது. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு லைட் தூக்கியவர்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். மற்ற போட்டியாளர்கள் நடுவர்களுக்கு மட்டும் அளவாகச் செய்திருந்தார்கள். மரகதம் அக்காவுக்கு அளவாகச் செய்யத் தெரியாது. நடுவர்களின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டு, மிச்சத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டார்.

அவர்கள் பக்கம் விருந்தென்றால் வீட்டு ஆம்பிளைதான் முன்னால் நின்று பரிமாற வேண்டும். சாப்பிடுகிறவர் கையால் தட்டை மறைக்கிறவரை கரண்டி ஓயக் கூடாது. பழனிசாமி அண்ணன் மஃப்ளரை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கடைசியாக ஜெனரேட்டர் வண்டி டிரைவர் வந்தார், கம்பம்மெட்டுக்காரர். போசியில் ஒன்றுமில்லை. அக்கா கை கழுவப் போயிருந்தார். அண்ணன் சுற்றிலும் பார்த்தார், மூடி வைத்த கிண்ணம் கண்ணில் பட்டது. யோசிக்கவே இல்லை, திறந்து அப்படியே போட்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தானா மஞ்சு விலக வேண்டும்? நடுவர்கள் வந்தார்கள், கிண்ணம் காலி. அண்ணனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தால் என் வாயில் இருந்ததும் அவர் போட்ட சோறுதான். டைரக்டரிடம் ஓடினேன். ரசாக் பாய்க்குக் கொடுத்த மாதிரி இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். அது நம் தப்பு, இது அவர்கள் தப்பு என்றார். அதுவும் நியாயம்தான். தட்டில் ஒன்றுமில்லாமல் மார்க் எப்படிப் போடுவது? அக்கா அழவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பழனிசாமி அண்ணன் கரண்டியைக் கையிலிருந்து இறக்கவும் மறந்து நின்றார். அப்போது அந்த டிரைவர் கை கழுவிக்கொண்டு நேரே நடுவர்களிடம் போனார்.

"சாப்பிட்டது நான்தான சார், மார்க்கையும் நானே போட்டுரட்டுமா?"

செட்டு

மரகதம் அக்காவின் போட்டி அரையிறுதியோடு முடிந்தது. ஃபைனலில் ரசாக் பாய் ஜெயித்தார், இந்தத் தடவை உப்பு சரியாக இருந்தது. மாங்காய் சீசன் ஆரம்பித்ததும் மரகதம் அக்கா போனில் கூப்பிட்டு, ஒரு நாள் கண்டிப்பாக வர வேண்டும் என்றார். என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று தயங்கிக்கொண்டேதான் போனேன்.

முதலமடை வெயிலில் லாரிகள் வரிசையாக நின்றன. செட்டில் ஒரு கூடை கூட இல்லை. மேஜை, பெஞ்சு, இலை, அரிசிம்பருப்பு வாசனை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பழனிசாமி அண்ணன் பரிமாறிக்கொண்டிருந்தார். ஃபைனலுக்குப் போனால்தானே செட்டு என்று சொன்னீர்கள் என்று அண்ணனைச் சீண்டினேன். அவர் என் இலையில் நெய்யை ஊற்றிக்கொண்டே, போக விடாமல் பண்ணியது நான்தானே, அதுவுமில்லாமல் அன்றைக்கு மலைமேல் முன்னே பின்னே தெரியாதவர்கள் எல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களே, அதற்கப்புறம் நான் எந்த வாயால் மறுப்பது என்றார். சமையல் எப்படி அண்ணா என்று கேட்டேன். பரவால்லீங்க என்றார்.

கை கழுவப் போனபோது அக்காவிடம் கேட்டேன், தோற்றுப்போனதில் கொஞ்சமாவது வருத்தம் இருக்கிறதா என்று. அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் ஒரு டிரைவரின் இலைக்கு முன்னால் குனிந்து, இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்திக்கொண்டிருந்தார்.

"ஃபைனலுக்குப் போயிருந்தா செட்டு மட்டுந்தானுங்க அம்மிணி, தோத்ததுனால பரிமாற ஆளும் சேத்தில்ல கெடச்சுது."

ஜெயித்தவர் வீட்டுக் கோப்பை கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, தோற்றவர் கடையில் எனக்கு எந்நேரமும் ஒரு இலை இருக்கிறது என்பதால், இந்தப் பாழாய்ப்போன வேலையை இப்போதைக்கு நான் விடுவதாக இல்லை.