வர்ணனையாளர் இட்டிச்சன் துடுப்புப் பிடித்த கதை

கேரளத்துக் குட்டநாட்டில் வள்ளப்போட்டி என்னும் படகுப் பந்தயம் என்றால் ஒலிபெருக்கியில் இட்டிச்சனின் குரல் கேட்டாக வேண்டும். அறுபத்தாறு வயது. சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிடும் தொப்பை. கள்ளும் மரவள்ளிக் கப்பையும் மாட்டுக்கறி வறுவலும் அவருக்கு உயிர். சர்க்கரை இருப்பது தெரிந்தும், "அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் பாட்டுக்கு இருக்கேன்" என்பார்.

அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் வள்ளங்கள் பாதித் தூரம் வந்தபோது அவருக்குச் சிறுநீர் முட்டியது. கொஞ்ச காலமாகவே இந்தத் தொல்லைதான். போனால் சொட்டுச் சொட்டாக வரும், திரும்பி வந்ததும் மறுபடி முட்டும். பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் நேரம் குறித்துக்கொண்டிருந்த ஸ்கரியாவின் கையில் மைக்கைத் திணித்துவிட்டு ஓடினார்.

ஸ்கரியா அதுவரை மைக் பிடித்ததே இல்லை. "வள்ளம் வருது... இன்னொண்ணும் வருது... இட்டிச்சன் ஒண்ணுக்குப் போயிருக்கார், இப்ப வந்துடுவார்" என்றார். கரையே சிரித்தது.

மறுநாள் கள்ளுக்கடையில் கூடக் குடிக்கும் குரியாச்சன் விடவில்லை. "என்ன அச்சாயா, நேத்து நீங்க ஓடுன வேகத்துக்குக் கோப்பையே உங்களுக்குத்தான் குடுத்திருக்கணும்."

இனி மைக்கைத் தொடுவதில்லை என்று இட்டிச்சன் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மனைவி சாராம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஊருக்குப் பேசுறதையெல்லாம் இனிமே நான் ஒருத்தியா கேக்கணும்? கிளம்புங்க அச்சாயா, ஆஸ்பத்திரிக்கு."

டாக்டர் சோதித்துப் பார்த்தார். "புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரக் குழாயை நெருக்குது. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. மாத்திரை தர்றேன். ஆனா தொப்பையையும் சர்க்கரையையும் குறைக்கணும்."

"வயித்துக்கும் அதுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

"தொப்பை போட்டா உடம்புல இன்சுலின் கூடிப்போகும். அது அந்தச் சுரப்பியையும் வளரவிடுதுன்னு நினைக்கிறோம்."

நடக்கலாம் என்றால் வீட்டைச் சுற்றிலும் தண்ணீர். பக்கத்து வீட்டுச் சிறுவள்ளத்தைக் கேட்டு வாங்கினார். அத்தனை வருடம் துடுப்புப் போடுகிறவர்களைப் பற்றிப் பேசியவர், அன்றுதான் துடுப்பைத் தொட்டார். வள்ளம் நகராமல் சுற்றியது. படித்துறையில் நின்ற சாராம்மா, "இப்படியே சுத்துனா மதியத்துக்குள்ள கரைக்கு வந்துடலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் துடுப்புப் போட்டார். கப்பை பாதியானது, கள் நின்றது. மழைக்காலம் முடிவதற்குள் இடுப்புவாரில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. சர்க்கரை இறங்கியது. சிறுநீருக்கு ஓடும் ஓட்டமும் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியை மைக்கை யாரிடமும் கொடுக்காமல் கடைசிவரை சொல்லி முடித்தார்.

மேடையிலிருந்து இறங்கியவரைக் குரியாச்சன் தனியே இழுத்துப் போனார், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அந்த டாக்டர் பேரென்ன அச்சாயா? எனக்கில்ல, தெரிஞ்ச ஒருத்தருக்கு."

"தெரிஞ்சவரை முதல்ல நாளைக்குக் காலைல படித்துறைக்கு வரச் சொல்லு" என்றார் இட்டிச்சன்.