எட்டு மணித்தியாலப் பாரிஸ்

பலெர்மோவிலிருந்து பாரிஸுக்கு எவ்வளவு நேரம் என்று அந்நகரின் ஒரேத்தோப் பக்கத்துத் தமிழரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டரை மணித்தியாலம் என்று உடனே பதில் வரும். வெறும் ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர், கண்ணை மூடித் திறக்க இறங்கிவிடலாம் என்று அங்குள்ள தவராசா அளப்பார். நாகபூசணியக்கா மட்டும் எட்டு மணித்தியாலம் என்பார். நடந்தா போகப்போகிறா என்று சனம் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவருடைய மகளுக்கும் அங்கே முதற்பிள்ளை வயிற்றில் இல்லை.

அக்காவின் மகள் துசானி பாரிஸில் இருந்தாள். பிரசவ நோ கண்டால் எவ்வளவு நேரத்தில் வருவீர்கள் என்று அவள் ஆறாம் மாதமே கேட்டுவிட்டாள். பெற்ற மகளுக்குக் குத்துமதிப்பாகப் பதில் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்கடிகாரமும் கையுமாக விமான நிலையம் வரை தனியே ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாரிஸில் இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் நேரத்தை மருமகன் அனுசனைப் போய்ப்பார்க்கவைத்துக் கணக்கெடுத்தார். எல்லாம் கூட்டி, தான் வேலை செய்யும் வீட்டுப் படியிறங்கியதிலிருந்து எட்டு மணித்தியாலம் என்று மகளுக்குச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் துசானி அழைத்தாள். நோ தொடங்கிவிட்டது. அக்காவின் மகன் தனேஸ் பன்னிரண்டு இருபது விமானத்துக்கு ரிக்கற் போட்டான். ஆனால் அக்கா பராமரிக்கும் இத்தாலியக் கிழவி, சின்யோரா, கால்சாப் பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில், எழும்ப முடியாமல் கிடக்கிறா. அவவின் மகள் வரவே ஒன்பது மணியாகும். போ, நான் சமாளிப்பேன் என்று சின்யோரா சொல்லியும் அக்கா அசையவில்லை. தன் பிள்ளை அங்கே துடிக்கிறாள் என்பதற்காக இன்னொருத்தியின் தாயை அந்தரிக்க விடுகிற ஆள் இல்லை அவர்.

ஒன்பது மணிக்குச் சின்யோராவின் மகளும் வந்தா, அக்காவின் கணவர் விக்னராஜாவின் போனும் வந்தது.

"இராகு காலம் துடங்கீட்டுது. தலைப்பிள்ளை விசயம், விளையாடாதை. பத்தரை கழிய வெளிக்கிடு."

பத்தரைக்குப் புறப்பட்டால் விமானத்தின் வாலைத்தான் பார்க்கலாம். அதற்காக அக்கா இராகு காலத்தை நம்பாதவர் என்று நினைக்க வேண்டாம். கணவரைவிட ஒரு படி கூடவே நம்புகிறவர்.

"நான் எப்பவோ வெளிக்கிட்டாச்சு. எட்டு மணிக்கு முதலே பயணப் பையோடைதான் இஞ்சை வந்தனான்."

சரி, கவனமாப் போ என்று விக்னராஜா போனை வைத்தார். கெட்ட நேரத்துக்கு முன் பயணப் பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்பது ஊர் வழக்கம். அந்த வேறொரு வீடு கால்சாவில் ஒரு சின்யோராவின் வீடாக இருக்கக்கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லையே. ஒன்பது ஐந்துக்கு அக்கா படியிறங்கினார்.

ரயில், வரிசை, விமானம், பிறகும் ரயில். மாலை நாலே ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி அறைக் கதவைத் திறந்தார். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. வியர்த்து நனைந்து கிடந்த துசானி தாயின் கையைப் பற்றினாள்.

"எட்டு எண்டு சொன்னியள், அதுவரைக்கும் தாங்குவம் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தனம்மா. ரண்டரை எண்டு சொல்லியிருந்தா மத்தியானமே உடைஞ்சு போயிருப்பன்."