திரையில் இருப்பவளுக்குக் காது கேட்காது

“மிஷின உடைச்சுட்டு ஓடி வந்தவதானே உன் மருமக?” என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி.

“உடைக்கல. சுவிட்சைத்தான் அணைச்சா. பக்கத்துல நின்னு பாத்தவ நான். நீ துணிய மட்டும் தை. பேச்சுக்குக் கண்ணு காது மூக்கு வெச்சுத் தைக்காத” என்றேன்.

தெருவில் நின்று முழுவதையும் சொல்ல முடியுமா? இங்கே சொல்கிறேன்.

என் மருமகள் கணக்கு டீச்சர். ஒரு பிள்ளை விழிக்கிற விழியைப் பார்த்தே அது எந்த இடத்தில் சிக்கிக்கொண்டது என்று கண்டுபிடித்துவிடுவாள். அவள் சேர்ந்தது பெரிய பள்ளிக்கூடம். சேருகிற அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி அலுவலக அலமாரியில் பூட்டிவிட்டார்கள். ஒப்பந்தம் முடியும்வரை கையில் தரமாட்டார்களாம். அவை இல்லாமல் வேறு பள்ளிக்கூடத்து வாசலில்கூட நிற்க முடியாது.

போன விடுமுறையில் அவளைக் கூப்பிட்டுப் பாடங்களை எல்லாம் வீடியோ எடுத்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பளி தொங்கவிட்ட அறை. சத்தம் பதியும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். சாயங்காலம் நனைந்த கோழி மாதிரி வந்து சேருவாள்.

“யாரப் பாத்தும்மா பாடம் சொல்ற?” என்று கேட்டேன்.

“ஒரு சிவப்பு விளக்கப் பாத்து அத்தை.”

“அது தலையாட்டுமா?”

“ஆட்டாது. அதனால ‘புரிஞ்சுதா?’ன்னு கேட்டு, கொஞ்சம் நிறுத்தி, ‘ரொம்ப நல்லது’ன்னு நானே சொல்லிக்கணும்.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

பள்ளி திறந்தபோது கரும்பலகையை மறைத்துப் பெரிய திரை மாட்டியிருந்தது. எல்லா வகுப்பிலும் ஒரே நேரத்தில் அவள் வீடியோ ஓடும். ஓட்டுவது, நிறுத்துவது எல்லாம் தலைமையாசிரியர் அறையிலிருந்து. இவள் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த வகுப்பு மட்டும் பின்தங்கிவிடுமாம். தன் பாடத்துக்குத் தானே காவல்காரி.

வீட்டில் பேச்சு குறைந்தது. சமையலறைக் கதவு காற்றில் சாத்திக்கொண்டால் ஈரக்கையோடு ஓடிப்போய்த் திறப்பாள். தெருப்பிள்ளைகள் அவளைக் கண்டதும் “புரிஞ்சுதா? ரொம்ப நல்லது” என்று ராகம் போடும். “போதும், விட்டுடு” என்றேன். “சான்றிதழ் உள்ள இருக்கே அத்தை” என்றாள்.

அன்றைக்குச் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போய் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். திரையில் என் மருமகள் பெரிசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் என் மருமகள் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். திரை “புரிஞ்சுதா?” என்றது.

ஒரு பெண் எழுந்தாள். வேறு யாருமில்லை, தையல்காரியின் மகள்தான். “புரியல டீச்சர். மூணவிட நாலுதானே பெருசு? அப்புறம் நாலுல ஒரு பங்கு எப்படிச் சின்னதாகும்?”

“ரொம்ப நல்லது. அடுத்து பார்ப்போம்” என்றது திரை. வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. உட்காரவும் தோன்றாமல் நின்றது.

என் மருமகள் எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்துச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். ஒரே அளவில் இரண்டு காகிதம் எடுத்தாள். ஒன்றை மூன்றாக மடித்துக் கிழித்தாள். மற்றதை நான்காக மடித்துக்கொண்டிருக்கும்போது தலைமையாசிரியர் வந்துவிட்டார்.

“எதுக்கு நிறுத்துனீங்க? ஓடுறது உங்க பாடம்தானே? அதுல என்ன குறை?”

“குறையில்ல சார். அதுல இருக்கறவளுக்குக் காது கேக்காது.”

“சுவிட்சப் போடுங்க. இல்லன்னா கிளம்புங்க. ஆனா சான்றிதழ்னு வந்து நிக்கக் கூடாது.”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடித்த காகிதத்தைக் கிழித்து, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். பெண் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள்.

“நிறையப் பேருக்குப் பங்கு வெச்சா ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். அதானே டீச்சர்?”

“அதேதான்” என்றாள் என் மருமகள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அலுவலகம் இருந்த பக்கம் திரும்பவில்லை.

வராந்தா நெடுக மற்ற வகுப்புகளில் அவள் குரல் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கதவாகக் கடந்தோம். எல்லா அறையிலிருந்தும் ஒன்றாக “புரிஞ்சுதா?” என்று கேட்டது. அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு நடந்தாள். “ரொம்ப நல்லது” என்று வந்தபோது நாங்கள் வாசலைத் தாண்டியிருந்தோம்.